கேம்பர் வேனுக்கு இன்வெர்ட்டர் போடும் பெங்களூர்க்காரர்களே, பணம் கொடுக்கும் முன் சீட்டைத் தூக்கிப் பாருங்கள்

ஜே.சி. ரோட்டுக் கடை ஒன்றில் டிராவலர் கேம்பருக்கு 2000 வாட் இன்வெர்ட்டர், 12.8 வோல்ட் 100 ஏ.ஹெச். லித்தியம் பேட்டரி, வயரிங் எல்லாம் சேர்த்து 85,000 ரூபாய் கறந்துவிட்டார்கள். இண்டக்‌ஷன் அடுப்பை 1600 வாட்டில் வைத்தால் மொத்தமும் அணைகிறது. 1000 வாட்டில் ஓடுகிறது, ஆனால் சீட்டுக்கு அடியில் பிளாஸ்டிக் கருகும் வாடை. கேட்டால், "ஏனூ ஆகல்ல (ஒன்றும் ஆகாது) சார், புது வயர் அப்படித்தான்!"

அணைவதற்குக் காரணம் பேட்டரிக்குள் இருக்கும் பி.எம்.எஸ்., அதாவது பேட்டரியைக் காக்கும் எலக்ட்ரானிக் போர்டு. இந்தப் பேட்டரியில் அது 100 ஆம்பியருக்கு மேல் விடாது. இன்வெர்ட்டரின் நஷ்டம் போக 1150 வாட்தான் கிடைக்கும். 2000 வாட்டுக்கு ஏறக்குறைய 175 ஆம்பியர் வேண்டும். ஆக, மிச்ச வாட்டெல்லாம் ஸ்டிக்கரில் மட்டும்.

வாடை லக்கிலிருந்து, அதாவது கேபிள் நுனியில் மாட்டும் உலோக வளையத்திலிருந்து. அதை அழுத்திப் பிடிக்க வைக்கும் ஹைட்ராலிக் கிரிம்பர் இல்லாமல் சுத்தியலால் தட்டி நசுக்கியிருக்கிறார்கள். 90 ஆம்பியர் ஓடும் இணைப்பில் வெறும் 5 மில்லி ஓம் தடை இருந்தாலே 40 வாட் சூடு, ஒரு சால்டரிங் அயர்னை உள்ளே வைத்துக் கட்டியதுபோல. கேபிள் மேல் "25 ஸ்கொயர் எம்.எம். காப்பர்" என்று அச்சு, இழையைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளை. செம்பு முலாம் பூசிய அலுமினியம், தடை ஒன்றரை மடங்குக்கு மேல். இந்த இன்வெர்ட்டருக்கு 70 ஸ்கொயர் சுத்தச் செம்பு, முடிந்தவரை குட்டையாகப் போட வேண்டும்.

ஃபியூஸ் இருந்தது, இன்வெர்ட்டர் முனையில்! நடுவில் கேபிள் சேஸிஸ் தகட்டில் உரசி ஷார்ட் ஆனால் அது எதையும் காப்பாற்றாது. பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாணுக்குள், 70 ஸ்கொயருக்கு 250 ஆம்பியர் கிளாஸ் டி (Class T) ஃபியூஸ் வர வேண்டும். வீட்டு ஏ.சி. கரண்டுக்கான எம்.சி.பி.யை வைத்துச் சமாளிக்க விடாதீர்கள், பேட்டரியின் டி.சி. கரண்டில் எழும் ஆர்க்கை (தீப்பொறியை) அது அணைக்காது.

எல்லாவற்றையும் விட மோசம் 230 வோல்ட் பக்கம். வெளி கரண்ட் பிளக்கையும் இன்வெர்ட்டர் அவுட்புட்டையும் ஒரே டி.பி.யில் (கரண்டைப் பிரித்துவிடும் பெட்டியில்) நேராகக் கோத்திருக்கிறார்கள். வெளி கரண்ட் சொருகினால் இன்வெர்ட்டர் புகையும். இன்வெர்ட்டர் ஆனில் இருக்கும்போது வெளியே தொங்கும் பிளக்கின் பின்னைக் குழந்தை தொட்டால்? ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் மாற்றும் டூ போல் சேஞ்ச்ஓவர் ஸ்விட்ச் கட்டாயம். கரண்ட் கசிந்தால் சப்ளையை வெட்டும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டன் வேலை செய்வதைக் காட்டி ஏமாற்றுவார்கள். அந்தப் பட்டனுக்கு எர்த்தே தேவையில்லை. நியூட்ரல்-எர்த் இணைப்பு இல்லாத இன்வெர்ட்டரில் பாடியில் கசிவு வந்தாலும் ஆர்.சி.சி.பி. விழாது. அந்த இணைப்பை மேனுவல் அனுமதித்தால் மட்டும் கொடுங்கள், சில மலிவு மாடல்கள் அதிலேயே எரிந்துபோகும்.

வண்டியை எடுக்கும் முன், பேட்டரி தாங்கும் முழு லோடைப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். பேட்டரி முனையிலும் இன்வெர்ட்டர் முனையிலும் மல்ட்டிமீட்டர் வைத்தால் வித்தியாசம் 0.3 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. பில்லில் கேபிள் அளவு, ஃபியூஸ் வகை, பி.எம்.எஸ். ஆம்பியர் மூன்றையும் எழுதி வாங்குங்கள். இந்தக் கடை பில்லில் "வயரிங் செட் 1" என்று மட்டும் இருப்பதால், நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் கொடுத்தாலும் என்ன கேபிள் பேசினோம் என்பதற்கு வாட்ஸ்அப் மெசேஜ்தான் ஆதாரம்.