‘போச்சு, இனி திங்கட்கிழமைதான்’ என்று மனசு சொன்னால் என்ன செய்வது?

கல்யாணப் பந்தியில் இலையில் ஜாங்கிரி விழுந்தது, தின்றேன். உடனே மனசு சொன்னது: “போச்சு, டயட் போச்சு. இனி திங்கட்கிழமைதான்.” அப்புறம் இன்னொரு ஜாங்கிரி, இரண்டு கரண்டி பாயசம், ராத்திரி பரோட்டா. முதல் ஜாங்கிரியைவிட அந்தப் ‘போச்சு’தான் ஆபத்து.

1975-ல் ஹெர்மன், மாக் என்ற உளவியலாளர்கள் நடத்திய சோதனையில் இதுவே தெரிந்தது. உணவுக் கட்டுப்பாட்டில் இருந்த மாணவிகள், மில்க் ஷேக் குடித்த பிறகு ஐஸ்கிரீமைக் குறைக்கவில்லை, கூடுதலாகவே சாப்பிட்டார்கள்.

இதற்கு நம்மில் பலர் கையாளும் வைத்தியம், தன்னையே திட்டிக்கொள்வது. எனக்கு அது ஒருநாளும் உதவியதில்லை. 2007-ல் வெளிவந்த ஆடம்ஸ், லியரி ஆய்விலும், டோனட் தின்ற பிறகு ‘எல்லாரும் தின்பதுதான், உங்களையே கடிந்துகொள்ளாதீர்கள்’ என்று சொல்லக் கேட்ட டயட்காரர்கள் அடுத்து வைத்த மிட்டாயைக் குறைவாகத்தான் எடுத்தார்கள்.

மிச்சம் மூன்று வழிகள். மனநல மருத்துவர் ஆரோன் பெக் 1960-களில் உருவாக்கிய சிகிச்சை முறையில், எண்ணத்தை நோட்டில் எழுதி, அதற்கு ஆதாரம் உண்டா என்று பார்க்க வேண்டும். கல்யாணத்துக்கு மறுநாள் எடை 1.5 கிலோ ஏறியிருந்தது. “எல்லாம் வீண்” என்று எழுதிவிட்டுக் கணக்குப் போட்டேன். ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி என்றால், 1.5 கிலோவுக்கு 11,550. மூன்று பந்தியில் உட்கார்ந்தாலும் அவ்வளவு உள்ளே போகாது! மாவுச்சத்து உடலில் கிளைக்கோஜன் என்ற சேமிப்புச் சர்க்கரையாகச் சேரும்போது, ஒரு கிராமுக்குச் சுமார் மூன்று கிராம் தண்ணீரும் தங்கும். உப்பும் தண்ணீரைப் பிடித்துவைக்கும். ஏறியதில் பெரும்பகுதி தண்ணீர்தான். எடை மெஷின் முன்னால் நிற்கும் காலைகளுக்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. ஆனால் பந்தியில் யார் நோட்டைத் திறப்பது?

உளவியலாளர் ஸ்டீவன் ஹேய்ஸ் வழியில் வாக்குவாதமே இல்லை. ‘டயட் போச்சு’ என்பதை ‘டயட் போச்சு என்று எனக்கு ஓர் எண்ணம் வருகிறது’ என்று மாற்றிச் சொல்லிவிட்டு, வந்த வேலையைப் பார்க்க வேண்டும். நல்ல வழிதான், பழக நாளாகும். பசியோடு இருக்கும்போது எனக்குப் பிடிபடவே இல்லை.

பந்திக்கு என் ஓட்டு உளவியலாளர் பீட்டர் கோல்விட்சருக்கு. ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்வது அவர் வழி. அந்த நேரத்தில் யோசிக்க வேண்டியதில்லை, அதுதான் அதன் பலம். திட்டம் மட்டும் இடத்துக்குப் பொருந்த வேண்டும். ‘போச்சு என்று தோன்றினால் எழுந்து கை கழுவுவேன்’ என்று முதலில் வைத்திருந்தேன். பக்கத்து இலையில் பெரியப்பா, “என்னடா, பந்தியில பாதியில எழுந்திரிக்கிற?” என்றார். அவர் கேட்டதும் நியாயம்தான்.

இப்போது ‘போச்சு’ என்று தோன்றினால் இலையை மடித்துவிடுகிறேன். மடித்த இலையில் யாரும் பாயசம் ஊற்றுவதில்லை. பெரியப்பா சாப்பிட்டு முடிக்கும்வரை பேசிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.