இன்போர்டு படகு இன்ஜினில் ஆயில் மாற்றுவது: உறிஞ்சு டப்பா, 12 வோல்ட் பம்ப், டிரெயின் ஹோஸ் – நீண்ட நாள் பயன்பாட்டில் தெரிந்தவை

காரில் ஆயில் மாற்றிப் பழகியவர் இன்போர்டு படகின் (இன்ஜின் படகுக்குள்ளேயே இருக்கும் வகை) இன்ஜின் மூடியைத் தூக்கியதும் தேடுவது டிரெயின் போல்ட்டைத்தான். போல்ட் இருக்கும், கைதான் போகாது. ஆயில் சம்புக்கும் (இன்ஜினின் அடியில் ஆயில் தங்கும் தொட்டி) படகின் அடித்தளத்துக்கும் நடுவில் பல படகுகளில் நாலு விரல் இடைவெளிகூட இல்லை. தட்டு வைக்க வழியில்லை. துணிந்து போல்ட்டைக் கழற்றினால் நாலைந்து லிட்டர் கறுப்பு ஆயில் பில்ஜுக்குள் (படகின் அடியில் தண்ணீர் சேரும் பள்ளம்) இறங்கும். தானியங்கி பில்ஜ் பம்ப் அதை அப்படியே தண்ணீரில் துப்பிவிடும். அதனால் மேல்வழியாக உறிஞ்சி எடுக்க வேண்டும், இல்லையென்றால் சம்பிலிருந்து ஒரு ஹோஸைக் கொண்டுவந்து வெளியே வடிக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் கிடைக்கும் கருவிகளை பெட்ரோல் வி8 இன்ஜின்களிலும் சின்ன டீசல்களிலும் பல பருவங்கள் பயன்படுத்தியதில் எது நிலைத்தது, எது பல்லிளித்தது என்பதே இந்தப் பகிர்வு.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். 4 முதல் 6 லிட்டர் ஆயில் பிடிக்கும் ஒற்றை இன்ஜினுக்கு, கையால் அடித்து வெற்றிடம் உண்டாக்கும் டப்பா போதும். இரட்டை இன்ஜினோ பெரிய டீசலோ இருந்தால் நிரந்தரமாகப் பொருத்திய 12 வோல்ட் கியர் பம்ப். டிரெய்லரில் கரையேறும் படகுக்கு டிரெயின் ஹோஸ் நல்லது, ஆனால் அதைக் கண்காணிக்க வேண்டும். டிரில் மெஷினில் மாட்டும் பம்ப் வேண்டாம்: அச்சு சீல் சீக்கிரம் ஒழுகும், அதைவிட முக்கியமாக, பெட்ரோல் ஆவி தங்கும் இடத்தில் டிரில்லின் கார்பன் பிரஷ் தீப்பொறி பறக்கவிடும்.

உறிஞ்சு டப்பா

அமைப்பு எளிமையானது. மேலே கைப்பம்ப், பக்கத்தில் அளவுக் கோடுகள், டிப்ஸ்டிக் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) குழாய்க்குள் விடும் மெல்லிய பிளாஸ்டிக் குழல். பதினைந்து இருபது முறை அடித்தால் உள்ளே வெற்றிடம் உண்டாகும். பிறகு டப்பா தானே இழுத்துக்கொள்ளும், நடுவில் இரண்டு மூன்று முறை அடித்தால் போதும். சூடான ஆயில் நாலரை லிட்டர் வர பத்து நிமிடத்துக்குள் ஆகும். அதே ஆயில் ஆறிப்போயிருந்தால் அரை மணியைத் தாண்டும்.

காரணம் கருவியின் தரத்தில் இல்லை. எவ்வளவு விலையுயர்ந்த உறிஞ்சு பம்பாக இருந்தாலும் அது உண்டாக்கும் அழுத்த வித்தியாசம் ஒரு வளிமண்டல அளவைத் தாண்ட முடியாது. மிச்சத்தைத் தீர்மானிப்பது ஆயிலின் பிசுபிசுப்பும் குழலின் உள்விட்டமும். 15டபிள்யூ-40 ஆயில் 40 டிகிரியில் இருக்கும் கெட்டியில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான் 100 டிகிரியில் இருக்கும். குழலின் விட்டமோ நான்காம் அடுக்கில் வேலை செய்கிறது: 6 மில்லிமீட்டர் உள்விட்டத்துக்குப் பதில் 8 போட்டால் ஓட்டம் மூன்று மடங்காகும். எனவே டிப்ஸ்டிக் குழாய்க்குள் நுழையும் குழல்களில் எது மிகப் பெரியதோ அதைத்தான் பயன்படுத்த வேண்டும். சில இன்ஜின்களில் டிப்ஸ்டிக் குழாயே சம்பின் அடிவரை போகும். அதன் வாயில் நேரடியாகப் பொருந்தும் இணைப்பு கிடைத்தால், உள்ளே குழல் விடவே தேவையில்லை, நேரம் பாதியாகிவிடும். உங்கள் இன்ஜினில் அந்த வசதி உண்டா என்று பார்த்துவிட்டுக் கருவி வாங்குங்கள்.

இன்ஜினைச் சூடாக்கும்போது: பெட்ரோல் இன்ஜின் என்றால் புளோவரை (இன்ஜின் அறையில் தங்கும் ஆவியை வெளியேற்றும் விசிறி) நாலு நிமிடம் ஓட்டிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும். கரையில் இருக்கும் படகுக்குத் தண்ணீர் இணைப்பு கொடுக்காமல் ஒரு நிமிடம்கூட ஓட்டக்கூடாது, இன்ஜினைக் குளிர்விக்க வெளித் தண்ணீரை இழுக்கும் ரா வாட்டர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் (சுழலும் இறக்கை) கருகிவிடும். தண்ணீர்க் குழாயைப் பம்பிலேயே நேரடியாக மாட்டியிருந்தால், இன்ஜின் ஓடத் தொடங்கிய பிறகு குழாயைத் திறந்து, நிறுத்தும் முன் மூடுங்கள். இன்ஜின் நின்றிருக்கும்போது தண்ணீர் அழுத்தத்தோடு ஏறினால் எக்ஸாஸ்ட் வழியாக சிலிண்டருக்குள் போகும். பத்து நிமிட ஓட்டம், பிறகு பத்து நிமிட ஓய்வு. கொதிக்கக் கொதிக்க எடுத்தால் பிளாஸ்டிக் குழல் இளகி வெற்றிடத்தில் சப்பையாகிவிடும்.

குழலை உள்ளே விடுவதில்தான் பெரும்பாலானோர் தோற்கிறார்கள். சம்பின் அடியை எட்டாமல் நின்றாலும் பாதி ஆயில்தான் வரும், அதிகமாகத் தள்ளி அது சுருண்டு மேலே திரும்பினாலும் பாதிதான் வரும். டிப்ஸ்டிக்கின் நீளத்தைக் குழலின் மேல் வைத்து ஒரு டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். அந்த அடையாளத்தைத் தாண்டி மெதுவாக விட்டு, அடியில் தட்டுவது கையில் தெரிந்ததும் சில மில்லிமீட்டர் பின்னால் இழுங்கள். குழலின் நுனியைச் சாய்வாக வெட்டிவிட்டால் சம்பின் தரையில் ஒட்டிக்கொண்டு அடைபடாது. காற்றுக் குமிழ் வரத் தொடங்கியதும் வேலை முடிந்தது என்று எண்ண வேண்டாம். குழலைச் சற்று மேலும் கீழும் நகர்த்தினால் இன்னும் கால் லிட்டராவது வரும்.

இந்த டப்பாவின் உண்மையான பலன் பக்கத்தில் இருக்கும் அளவுக் கோடுதான். எவ்வளவு வெளியே வந்தது என்ற எண் கையில் இருந்தால் எவ்வளவு உள்ளே ஊற்றலாம் என்று தெரியும். கையேடு 4.25 லிட்டர் என்கிறது, டப்பாவில் 3.2 தான் இருக்கிறது என்றால், அளவு சரியாக இருந்த இன்ஜினில் குழல் சரியாகப் போகவில்லை. திரும்ப விட்டுப் பாருங்கள். உறிஞ்சும் முறையில் 200 முதல் 500 மில்லி வரை உள்ளே தங்குவது சகஜம், அதற்கு மேல் தங்கக்கூடாது.

குறைகளும் உண்டு. டப்பாவை நிரம்பவிட்டால் ஆயில் கைப்பம்புக்குள் ஏறி வால்வைக் கெடுக்கும். பெரிய பிளாக் வி8 போன்ற 7–8 லிட்டர் இன்ஜினுக்கு நடுவில் நிறுத்திக் காலி செய்தாக வேண்டும். மூன்று நாலு வருடத்தில் பம்பின் ஓ-ரிங் காய்ந்து வெற்றிடம் நிற்காது. கிரீஸ் தடவினால் கொஞ்ச காலம் ஓடும், அப்புறம் மாற்ற வேண்டியதுதான். மெல்லிய குழலும் ஆயில் பட்டுப் பட்டு விறைத்து உடையும். ஓ-ரிங், குழல் இரண்டும் தனியாகக் கிடைக்கிற மாடலாகப் பார்த்து வாங்குவது புத்திசாலித்தனம்.

12 வோல்ட் பம்ப்

மின்சாரப் பம்பை வாங்கி அதே மெல்லிய குழலை டிப்ஸ்டிக் வழியாக விட்டால் பெரிய லாபம் எதுவுமில்லை, இடுக்கு அந்தக் குழல்தான். சம்பின் டிரெயின் துளையிலிருந்து தடித்த ஹோஸ் போட்டு நிரந்தரமாக இணைத்தால் மட்டுமே அதன் வேகம் தெரியும். சூடான ஆயில் இரண்டு மூன்று நிமிடத்தில் காலி. கியர் பம்ப் நெடுநாள் உழைக்கும். இம்பெல்லர் வகையென்றால் இம்பெல்லர் நைட்ரைலா என்று கேட்டு வாங்குங்கள். தண்ணீருக்கான நியோப்ரீன் ஆயிலில் ஊறி உப்பிவிடும். எந்த வகையையும் வறட்சியாக ஓட விடக்கூடாது. பேட்டரி முனையில் கிளிப்பை வைத்து எடுப்பதுதான் தீப்பொறி வரும் தருணம், ஆகவே பெட்ரோல் படகில் சுவிட்ச்சும் ஃபியூஸும் உள்ள நிரந்தர இணைப்பு மட்டுமே.

டிரெயின் ஹோஸ்

சம்பின் துளையில் பித்தளை இணைப்பு, அதிலிருந்து ஒரு ஹோஸ், முனையில் மூடி. கரையில் படகின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி, பின்பக்க டிரெயின் துளை வழியாக ஹோஸை வெளியே இழுத்து, மூடியைக் கழற்றினால் ஆயில் தானே வடியும். மூன்று முறைகளில் இதுதான் மிச்சம் வைக்காதது, அடியில் படிந்த கசடையும் சேர்த்துக் கொண்டுபோவது. ஆனால் தண்ணீரில் மிதக்கும் படகுக்கு இது உதவாது. ஹோஸ் எங்காவது உராய்ந்து ஓட்டை விழுந்தால் முழு ஆயிலும் பில்ஜில், இன்ஜின் பேரிங் காலி. முனையில் அழுத்திப் பொருத்திய, ஆயிலுக்கென்றே செய்த ஹோஸாக இருக்க வேண்டும். கிளாம்ப் போட்ட சாதா ரப்பர் ஹோஸ் கூடாது. ஒவ்வொரு முறையும் மூடியின் வாஷரை மாற்றி, ஹோஸை ஆடாமல் கட்டிவையுங்கள்.

ஃபில்டர்

அழுக்கு முழுக்க இங்கேதான். ஆயிலைச் சொட்டு சிந்தாமல் எடுத்த பெருமையெல்லாம் ஃபில்டரைக் கழற்றும்போது பில்ஜில் கரைந்துவிடும், ஏனென்றால் அது பெரும்பாலும் படுக்கை நிலையிலோ தலைகீழாகவோ நிற்கும். வேலை தொடங்கும் முன்பே தானியங்கி பில்ஜ் பம்பின் இணைப்பை நிறுத்திவிடுங்கள் (முடிந்ததும் மறக்காமல் திரும்பப் போட வேண்டும், மறந்த படகுகள் மூழ்கியிருக்கின்றன). ஃபில்டருக்குக் கீழே, தண்ணீரை விட்டுவிட்டு ஆயிலை மட்டும் குடிக்கும் வெள்ளைப் பாலிப்ரொப்பிலீன் விரிப்பு ஒன்று. ஃபில்டரைக் கால் சுற்று தளர்த்தியதும் அதன் மேல் தடித்த பிளாஸ்டிக் பையை முழுதாக மாட்டி, பையோடு சேர்த்தே சுற்றிக் கழற்றினால் பெரும்பகுதி பையில் விழும். தலைகீழாக நிற்கும் ஃபில்டரானால், கழற்றும் முன் மேல்பக்கத்தில் ஒரு துளை குத்திக் கால் மணி விட்டால் உள்ளே இருப்பது இன்ஜினுக்குள்ளேயே இறங்கிவிடும். உறிஞ்சும் முன்பே இதைச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பழைய ஆயில் உள்ளேயே தங்கும்.

கழற்றிய ஃபில்டரைத் திருப்பிப் பார்த்து, பழைய கேஸ்கெட் அதனுடனேயே வந்ததா என்று உறுதி செய்யுங்கள். இன்ஜினில் ஒட்டிக்கொண்டிருக்கும் பழையதன் மேல் புதியதை முடுக்கினால் கொஞ்ச நேரம் பிடிக்கும். ஆர்பிஎம் ஏறி அழுத்தம் கூடியதும் கேஸ்கெட் பிதுங்கி, ஒரு நிமிடத்தில் ஆயில் மொத்தமும் வெளியே. புதிய கேஸ்கெட்டில் ஆயில் தடவி, தொட்டதிலிருந்து முக்கால் முதல் ஒரு சுற்று வரை கையால் மட்டும் முடுக்குங்கள். இன்ஜினுக்கு உரிய பாக எண்ணைப் பார்த்து வாங்குங்கள், மரை பொருந்துகிறது என்பதற்காகக் கார் ஃபில்டரை மாட்ட வேண்டாம். உள்ளே இருக்கும் பைபாஸ் வால்வின் (ஃபில்டர் அடைபட்டால் ஆயிலை நேரே விடும் வால்வு) அழுத்த அளவு வேறாக இருக்கலாம், பில்ஜின் ஈரத்தில் மெல்லிய பெயின்ட் சீக்கிரம் துருப்பிடிக்கும்.

ஃபில்டரைக் கைக்கு எட்டும் இடத்துக்கு மாற்றும் ரிமோட் செட் போட்ட படகுகளில் வேலை பாதியாகக் குறைகிறது. எச்சரிக்கை ஒன்றுதான்: போக, வர ஹோஸ்கள் மாறிவிட்டால் ஃபில்டரின் பின்வடிவு தடுப்பு வால்வு ஓட்டத்தை அடைத்துவிடும், ஆயில் அழுத்தமே வராது.

ஊற்றுவதும் டிப்ஸ்டிக்கும்

எந்த ஆயில் என்பதைக் கையேடுதான் சொல்ல வேண்டும். மெர்க்ரூசர் பிராண்டு பெட்ரோல் படகு இன்ஜின்களுக்கு 25டபிள்யூ-40 மரைன் ஆயில் பரவலாகப் பயன்படுகிறது. சின்ன டீசல்களுக்குப் பெரும்பாலும் 15டபிள்யூ-40 டீசல் ஆயில். கடல்நீரால் நேரடியாகக் குளிரும் இன்ஜின்கள் உப்பு படியாமல் இருக்க 60 டிகிரி அளவிலேயே ஓடுகின்றன. அந்தக் குளிரில் ஈரமும் எரிபொருளும் ஆயிலில் ஆவியாகாமல் தங்கும். துருத் தடுப்பு சேர்மானம் அதிகமுள்ள மரைன் ஆயிலுக்குக் கூடுதலாகச் செலவழிப்பது இதற்காகத்தான்.

கையேட்டு அளவில் 85–90 சதவீதம் ஊற்றி ஸ்டார்ட் செய்யுங்கள். அழுத்த முள் எழுந்ததா, ஃபில்டரடியில் ஈரம் உண்டா என்று பார்த்து, நிறுத்தி, ஐந்து நிமிடம் விட்டு அளந்து, மிச்சத்தைச் சிறிது சிறிதாக. அழுத்தம் ஏற்ற வேண்டும் என்று ஸ்டார்ட்டரை மட்டும் நெடுநேரம் சுற்றினால், வாட்டர்லிஃப்ட் மஃப்ளர் (குளிர்விக்கும் தண்ணீரும் புகையும் சேர்ந்து போகும் எக்ஸாஸ்ட் பெட்டி) உள்ள படகில் மஃப்ளர் நிரம்பித் தண்ணீர் சிலிண்டருக்குத் திரும்பும். அப்படிச் சுற்றியே ஆக வேண்டுமென்றால் சீகாக்கை (வெளித் தண்ணீர் உள்ளே வரும் வழியின் வால்வு) மூடிக்கொண்டு சுற்றி, இன்ஜின் பிடிக்கும் முன் திறந்துவிடுங்கள்.

டிப்ஸ்டிக்கைக் கண்ணை மூடி நம்ப வேண்டாம். படகில் இன்ஜின் பின்பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருக்கும், டிரெய்லரில் அந்தச் சாய்வு மாறும். ஒருமுறை டிரெயின் ஹோஸ் வழியாக முழுதாக வடித்து, கையேட்டு அளவைத் துல்லியமாக ஊற்றி, படகு தண்ணீரில் சும்மா மிதக்கும் நிலையில் டிப்ஸ்டிக்கில் எங்கே நிற்கிறதோ அங்கே அரத்தால் ஒரு கீறல் போடுங்கள். பிறகு அதுதான் உங்கள் முழு அளவு. கூடுதலாக ஊற்றினால் கிராங்க் ஆயிலை அடித்து நுரையாக்கும், அழுத்தம் தடுமாறும், பிரீத்தர் (இன்ஜினின் உள் ஆவி வெளியேறும் குழாய்) வழியாக ஆயில் காற்றுக்குழாய்க்குள் போகும். டீசலில் அந்த ஆயிலையே எரித்துக்கொண்டு இன்ஜின் கட்டுப்பாடின்றி வேகமெடுக்கும் ஆபத்தும் உண்டு.

எடுத்த ஆயிலைப் பார்க்காமல் கொட்டாதீர்கள். பால் காப்பி நிறம் என்றால் தண்ணீர்: எக்ஸாஸ்ட் ரைசர் (புகைக் குழாயோடு தண்ணீர் சேரும் வளைவு), மேனிஃபோல்ட், ஹெட் கேஸ்கெட் ஆகியவற்றைச் சந்தேகப்படுங்கள். உப்புத் தண்ணீரானால் அன்றே ஆயிலை மாற்றி, சற்று ஓட்டி, நிறம் தெளியும்வரை மீண்டும் மாற்ற வேண்டும். ஒரு வாரம் விட்டால் பேரிங்கில் துரு. அளவு தானாகக் கூடி டீசல் வாசம் அடித்தால் ஃபியூயல் பம்பின் டயாஃப்ரம் கிழிந்திருக்கலாம். ஆய்வுக்கு அனுப்புவதானால் ஓட்டத்தின் நடுவில் மாதிரி பிடியுங்கள். அறிக்கையில் சோடியம் கடல்நீரையும், செம்பும் ஈயமும் பேரிங் தேய்மானத்தையும் காட்டும்.

இடைவெளி பெட்ரோல் இன்ஜின்களுக்கு வழக்கமாக 100 மணி நேரம் அல்லது வருடம் ஒருமுறை, எது முந்துகிறதோ அது. வருடக் கணக்கில் மாற்றுபவர்கள் படகை நிறுத்திவைக்கும் முன் மாற்றுங்கள், எடுத்து ஓட்டும்போது அல்ல. பழைய ஆயிலின் அமிலமும் ஈரமும் மாதக்கணக்கில் பேரிங்கைத் தின்ன விட வேண்டாம்.

உறிஞ்சு டப்பாவை ஆயிலுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கூலன்ட்டும் பில்ஜ் தண்ணீரும் ஒருமுறை அதில் ஏறிவிட்டால், அடுத்து எடுக்கும் ஆயிலில் தண்ணீர் தெரிந்தாலும் அது இன்ஜினிலிருந்து வந்ததா டப்பாவிலிருந்து வந்ததா என்று சொல்ல முடியாது. கலந்த ஆயிலை மறுசுழற்சிக்கும் வாங்கமாட்டார்கள்.