1990 ரோவர் மெட்ரோ: பத்து வருடம் தாமதமாக வந்த நல்ல வண்டி

மெட்ரோ என்கிற சின்ன பிரிட்டிஷ் காரைச் சொன்னாலே பலருக்கு ஞாபகம் வருவது 1980இல் பர்மிங்காம் லாங்பிரிட்ஜ் ஆலையிலிருந்து வந்த ஆஸ்டின் மெட்ரோதான். இளவரசி டயானா கல்யாணத்துக்கு முன்பு ஓட்டியதும் அதுதான். அந்தச் சிவப்பு வண்டி கவென்ட்ரி போக்குவரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எனக்குப் பிடித்ததோ அதையே மாற்றியமைத்து 1990இல் ரோவர் பெயரில் வந்த ரோவர் மெட்ரோ. என்னிடம் இருப்பது 1.1 லிட்டர் வண்டி.

வெளியே பார்த்தால் இரண்டும் அண்ணன் தம்பி. ஓட்டினால்தான் வித்தியாசம் புரியும். பழையதில் இருந்த ஏ-சீரீஸ் இன்ஜின் 1951இல் ஆஸ்டின் ஏ30 வண்டியோடு வந்தது. கியர்பாக்ஸ் இன்ஜினுக்கு அடியில், இரண்டுக்கும் ஒரே ஆயில், நாலே கியர். மோட்டார்வே என்கிற விரைவுச் சாலையில் அது கத்துகிற கத்தல் எனக்குத் தாங்காது. ரோவரில் அதை எடுத்துவிட்டு அலுமினிய கே-சீரீஸ் இன்ஜினை வைத்தார்கள். என் வண்டிக்கு ஐந்து கியர். எழுபது மைல் வேகத்திலும் நிதானமாகப் பேசிக்கொண்டு போகலாம்.

ஆனால் நான் இந்த வண்டியை விடாமல் வைத்திருப்பது சஸ்பென்ஷனுக்காக. ஹைட்ராகேஸ் என்று பெயர். பிரிட்டிஷ் பொறியாளர் அலெக்ஸ் மோல்டன் வடிவமைத்தது. ஸ்பிரிங்குக்குப் பதில் நைட்ரஜன் வாயுவும் திரவமும். முன்சக்கரம் மேட்டில் ஏறினால் அங்கிருந்து திரவம் குழாய் வழியாகப் பின்னால் போய் அந்தப் பக்கத்தையும் தூக்கிக் கொடுக்கும், வண்டி குதிக்காது. 1980 மெட்ரோவில் இந்த முன்பின் இணைப்பு இல்லை. மோல்டன் ஒரு மெட்ரோவைத் தானே மாற்றியமைத்து ஓட்டிக் காட்டினார். அப்புறம்தான் 1990இல் அது தயாரிப்புக்கு வந்தது. இவ்வளவு சின்ன வண்டி குண்டும் குழியுமான கிராமத்துச் சாலையில் இப்படி மெத்தென்று போவது இன்றைக்கும் எனக்கு ஆச்சரியம்தான்.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் சமாதானம் சொல்ல முடியாது. ரோவர் 100 என்று பெயர் மாறிய பிறகு, 1997இல் யூரோ என்கேப் என்கிற ஐரோப்பிய கார் பாதுகாப்பு அமைப்பின் மோதல் சோதனையில் கிடைத்தது ஒரே ஒரு நட்சத்திரம். விற்பனை சரிந்தது, சீக்கிரமே தயாரிப்பும் நின்றது. பிள்ளைகளைத் தினமும் கூட்டிப்போக இதை வாங்காதீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஓட்ட ஒன்று வேண்டும் என்றால், சரி, தாராளமாக வாங்கலாம். கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் 'சில்' என்கிற தகட்டுப் பட்டையும் பின்சக்கர வளைவும் துருப்பிடித்திருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். கூலன்ட் குறைந்திருந்தால் இன்ஜினின் மேல்பாகத்துக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் என்கிற அடைப்பைச் சந்தேகப்படுங்கள். வண்டி ஒரு பக்கமாகத் தாழ்ந்து நின்றால், ஹைட்ராகேஸுக்கு அழுத்தம் ஏற்றும் பம்ப் வைத்திருக்கும் மெக்கானிக் பக்கத்தில் யாராவது இருக்கிறாரா என்று விசாரித்துவிட்டு விலை பேசுங்கள்.