கியோன் திருவிழா இருக்கைக்கு 58,400 ரூபாய் கட்டி ஏமாந்தோம், நீங்களும் மாட்டிக்கொள்ளாதீர்கள்

இன்று ஜூலை 18. ஜப்பானில், கியோட்டோவில் ஓட்டல் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நேற்றுக் காலை நடந்ததை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

அம்மா திருவாரூர்க்காரர், ஆழித்தேர் பார்த்து வளர்ந்தவர். கியோன் திருவிழாவில் ஜூலை 17 அன்று 23 தேர்கள் வரும் என்று காணொளி காட்டினேன். 869இல் கொள்ளைநோய் நீங்க வேண்டி ஆரம்பித்த விழா என்றதும், "நம்ம மாரியம்மனுக்குச் செய்யற மாதிரிதான்டி, ஒரு தடவை பார்த்துடணும்" என்றார். ஆனால் முட்டி வலி, அதிக நேரம் நிற்க முடியாது. அதனால்தான் காசு கொடுத்தாவது நாற்காலி வேண்டும் என்று தேடினேன்.

ஜப்பான் பயணங்களை மட்டும் விற்கும் ஓர் இணையதளம் கிடைத்தது. ஏப்ரலில் வாட்ஸ்அப்பில் கேட்டேன். ஐந்தே நிமிடத்தில் தமிழிலேயே கூப்பிட்டார்கள். "அக்கா, அம்மாவுக்கு முட்டி வலின்னு சொன்னீங்கல்ல, முதல் வரிசையே போட்டுடறேன். ஊர்வலத்தைத் தொடங்கி வைக்க முதல் தேர்ல வர்ற குழந்தை வாளால கயிறு வெட்டுறதை உட்கார்ந்த இடத்துலயே பார்க்கலாம்" என்றார் அந்தப் பையன். அம்மாவின் முட்டியை ஞாபகம் வைத்துப் பேசினானே, அங்கேதான் விழுந்தேன். இரண்டு இருக்கை, முந்தின நாள் மாலை தேர்களில் ஏற்றும் விளக்குகளைப் பார்க்க ஒரு வழிகாட்டி, எல்லாம் சேர்த்து 58,400 ரூபாய். யுபிஐயில் அன்றே அனுப்பினேன்.

16ஆம் தேதி மாலை ஷிஜோ கராசுமா சந்திப்பில் ஆறு மணியிலிருந்து ஏழேகால் வரை நின்றோம். வழிகாட்டி வரவில்லை. கேட்டால், "அவருக்குக் காய்ச்சல் அக்கா, நாளைக்கு அட்ஜஸ்ட் பண்ணிடலாம்". சரி என்று விட்டேன்.

மறுநாள் காலை எட்டரைக்கே நாற்காலிகள் போட்டிருக்கும் ஓய்கே தெருவுக்குப் போய்விட்டோம். நுழைவில் நின்ற பெண் அவர்கள் அனுப்பியிருந்த சீட்டின் தாளை என்னிடமிருந்து இரண்டு கையாலும் வாங்கி, திருப்பிப் பார்த்து, தன்னிடமிருந்த அசல் சீட்டைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். எதுவுமே ஒத்துப்போகவில்லை. எங்கள் எண்ணுள்ள நாற்காலிகளில் ஒரு முதிய தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண் தலை குனிந்து திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார். அவர் ஏன் கேட்க வேண்டும்?

பையன் போனை எடுக்கவில்லை. வாட்ஸ்அப்பில்தான் பதில் வந்தது. முதலில்: "கியூஆரை மறுபடி காட்டுங்க". அடுத்தது: "அது வேற சப்ளையர், எங்க பொறுப்பு இல்ல". மூன்றாவதாக, நவம்பரில் அராஷியாமாவில் இலை சிவக்கும் பருவத்துக்கு வந்தால் 10 சதவீதம் தள்ளுபடியாம்! 58,400 ரூபாயை வாங்கிக்கொண்டு கூப்பன் தருகிறார்கள். மாலையில் என் எண்ணையே முடக்கிவிட்டார்கள்.

கவாராமாச்சி முனையில் கூட்டத்துக்குப் பின்னால் நின்றுதான் பார்த்தோம். சக்கரத்துக்கு அடியில் பிளந்த மூங்கிலைப் பரப்பி, தண்ணீர் ஊற்றி, பக்கவாட்டில் கயிறு கட்டி ஒரே மூச்சில் இழுக்கிறார்கள். அவ்வளவு பெரிய தேர் வழுக்கித் திரும்புகிறது. "முட்டுக்கட்டை போடாமலே திருப்பறாங்களே!" என்று அம்மா எக்கி எக்கிப் பார்த்தார். அரை மணிக்கு மேல் முடியவில்லை. ஒரு கடைப் படியில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் அவர் பார்த்ததெல்லாம் முன்னால் நின்றவர்களின் முதுகுதான்.

விவரமாக எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை. இவ்வளவுதான்: அசல் இருக்கையை நகரச் சுற்றுலாச் சங்கம் ஜூன் வாக்கில்தான் விற்கிறது, சாதாரண இருக்கை சில ஆயிரம் யென்தான், ஏப்ரலிலேயே வரிசை எண் தருகிறேன் என்றால் நம்பாதீர்கள். கயிறு வெட்டுவது ஷிஜோ தெருவில், நாற்காலிகள் இருப்பது ஓய்கேயில். அங்கிருந்து அது தெரியவே தெரியாது. சகுரா (செர்ரிப் பூ) முழுசாகப் பூத்திருக்கும் என்று தேதி போட்டு உறுதி தருகிறவர்களிடமும் போகாதீர்கள், பூப்பது வருடத்துக்கு வருடம் மாறும். கார்டில் கட்டுங்கள், யுபிஐ வேண்டாம்.

தம்பி ஊரிலிருந்து 1930 என்ற இணைய மோசடிப் புகார் எண்ணில் புகார் பதிந்திருக்கிறான். அம்மா முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். எவ்வளவு கொடுத்தாய் என்று நேற்றிலிருந்து மூன்று தடவை கேட்டுவிட்டார். 58,400 என்று இன்னும் சொல்லவில்லை.