வாய் திறந்து தூங்கும் பிள்ளை: முதலில் எந்த டாக்டரிடம் போவது?

என் மகனுக்கு ஏழு வயது. காலையில் எழுந்தால் தலையணை உறையில் உள்ளங்கை அகலத்துக்கு எச்சில் ஈரம் இருக்கும். ராத்திரி முழுக்க வாய் திறந்தே கிடக்கும், குறட்டையும் உண்டு. "சளி பிடிச்ச உடம்பு, வளர வளரச் சரியாயிடும்" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நாங்களும் இரண்டு வருஷம் அப்படியே நம்பினோம்.

அப்புறம் ஒரே மாதத்தில் மூன்று டாக்டர்களைப் பார்த்தோம். காது மூக்கு தொண்டை டாக்டர் எக்ஸ்ரே பார்த்துவிட்டு, "அடினாய்டு பெரிசா இருக்கு, எடுத்துடலாம்" என்றார். பல் சீரமைப்பு டாக்டர், "மேல் அண்ணம் குறுகலா இருக்கு, விரிக்கணும்" என்றார். குழந்தைகள் நல டாக்டர் தூசி அலர்ஜி என்று மூக்கு ஸ்ப்ரே எழுதினார். பின்னால் யோசித்தால் மூவர் சொன்னதும் சரிதான். ஆனால் ஒருவர் எழுதியதை அடுத்தவர் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. எதை முதலில் செய்வது, எதை எவ்வளவு நாள் தள்ளலாம் என்ற கேள்வி முழுக்க எங்கள் தலையில் விழுந்தது. அப்போது தேடிப் படித்ததையும் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் வைத்து இதை எழுதுகிறேன்.

அடினாய்டு என்பது மூக்குக்குப் பின்னால், தொண்டையின் மேல் மூலையில் இருக்கும் சதை. அது வீங்கி மூச்சை அடைக்கும் என்று 1868-லேயே கோபன்ஹேகனில் வில்ஹெல்ம் மேயர் என்ற மருத்துவர் எழுதிவிட்டார். சின்ன வயதில் பெரிதாகி, பதின்ம வயதுக்குள் பெரும்பாலும் சுருங்கிவிடும். ஆனால் எல்லாப் பழியையும் அதன் மேல் போட முடியாது. பிரேசிலின் மினாஸ் ஜெராயிஸ் மாநிலத்தில் அபயெத்தே என்ற ஊரில், வாயால் மூச்சுவிடும் 3 முதல் 9 வயதுப் பிள்ளைகளை ஆராய்ந்து 2008-ல் வெளியிட்டார்கள். 81 சதவீதம் பேருக்கு மூக்கு அலர்ஜி, 79 சதவீதம் பேருக்குப் பெரிய அடினாய்டு. இரண்டையும் கூட்டினால் நூறைத் தாண்டுகிறது. அதாவது பாதிப் பேருக்கு மேல் இரண்டும் சேர்ந்தே இருந்திருக்கிறது. 'அலர்ஜியா, அடினாய்டா' என்று நாம் கேட்கும் கேள்வியே பல பிள்ளைகளுக்குப் பொருந்தாது.

முதலில் கத்தியா ஸ்ப்ரேயா என்று பார்ப்போம். பெற்றோர் அதிகம் தவிப்பது இங்கேதான். அமெரிக்காவில் தூக்கத்தில் மூச்சுத் தடை இருந்த 5 முதல் 9 வயதுப் பிள்ளைகள் 464 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்கு டான்சிலையும் அடினாய்டையும் உடனே எடுத்தார்கள். மறு பாதியைக் கவனித்துக்கொண்டே காத்திருந்தார்கள். ஏழு மாதம் கழித்துத் தூக்கப் பரிசோதனை செய்தபோது, அறுவை செய்தவர்களில் 79 சதவீதம் பேருக்கும் காத்திருந்தவர்களில் 46 சதவீதம் பேருக்கும் சரியாகியிருந்தது. இது 2013-ல் வெளியானது. கத்தி ஜெயித்தது உண்மைதான். ஆனால் ஐந்தில் ஒரு பிள்ளைக்கு அறுவைக்குப் பிறகும் தடை போகவில்லை. கத்தி படாமலே கிட்டத்தட்ட பாதிப் பேர் தேறிவிட்டார்கள். இன்னொன்றும் உண்டு. கவனத் திறன் சோதனையில் இரு குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. நடத்தையும் தூக்கமும் அன்றாட நலமும் அறுவை செய்தவர்களுக்குக் கூடுதலாக மேம்பட்டன. அதனால் 'ஆபரேஷன் செய்தால் மார்க் ஏறும்' என்று யாராவது சொன்னால் அதை நம்பி முடிவெடுக்காதீர்கள். பிள்ளை நிம்மதியாகத் தூங்குவதே போதுமான காரணம்.

ஸ்ப்ரே பக்கம் வந்தால், மெல்போர்னில் செய்து 2023-ல் வெளியான ஆய்வு எனக்குப் பெரிய ஆறுதல். குறட்டை விடும் பிள்ளைகளில் ஒரு குழுவுக்கு மொமெடசோன் என்ற ஸ்டீராய்டு ஸ்ப்ரே, இன்னொரு குழுவுக்கு வெறும் உப்பு நீர் ஸ்ப்ரே. ஆறு வாரம் கழித்து முதல் குழுவில் 44 சதவீதம், இரண்டாவதில் 41 சதவீதம் பேருக்குத் தொந்தரவு நின்றிருந்தது. ரெண்டும் ஏறக்குறைய ஒன்றுதான்! எனவே அவசரம் இல்லாத பிள்ளைக்கு ஆறு வாரம் உப்பு நீர் அடித்துப் பார்ப்பது நேரத்தை வீணாக்குவது ஆகாது. தும்மல், மூக்கரிப்பு என்று அலர்ஜி தெளிவாக இருந்தால் ஸ்டீராய்டு ஸ்ப்ரேக்குத் தனி வேலை உண்டு. அதை அடிக்கும் விதமும் முக்கியம். தலையை லேசாகக் குனிந்து, வலது கையால் இடது மூக்கிலும் இடது கையால் வலது மூக்கிலும் அடிக்க வேண்டும். அப்போது மருந்து நடுத்தண்டில் படாமல் வெளிப்பக்கம் போகும். எங்களுக்கு இதை யாரும் காட்டித் தரவில்லை. முதல் மாதம் மூக்கில் ரத்தம் கசிந்ததுதான் மிச்சம். அலர்ஜிக்கு மாண்டெலுகாஸ்ட் என்ற மாத்திரை எழுதினால் மனநிலை மாற்றம், கெட்ட கனவு பற்றிக் கேளுங்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2020-ல் அதற்குக் கடும் எச்சரிக்கை போட்டிருக்கிறது.

தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறது, நெஞ்சு உள்வாங்குகிறது, எடை ஏறவில்லை, காதில் நீர் கட்டிக் கேட்பது குறைகிறது என்றால் ஆறு வாரக் கணக்கெல்லாம் வேண்டாம், உடனே காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போய்விடுங்கள்.

அடுத்தது அண்ணம் விரிக்கும் கருவி. வாயின் கூரைதான் மூக்கின் தரை. மேல் தாடையின் நடுவே உள்ள எலும்பு இணைப்பு இறுகுவதற்கு முன்னால் விரித்தால் மூக்கின் அடிப்பக்கமும் அகலமாகும். கருவியின் திருகைச் சாவியால் ஒரு சுற்றில் கால்வாசி திருப்பினால் கால் மில்லிமீட்டர் அளவுக்கு விரியும். சில நாளில் முன்பற்களுக்கு நடுவே இடைவெளி தெரியும், பயப்பட வேண்டாம், அது வேலை செய்வதன் அடையாளம். ஆனால் பின்னால் அடினாய்டு அடைத்துக்கொண்டிருந்தால் முன்னால் தரையை அகலமாக்கி என்ன பயன்? அடினாய்டை எடுத்தும் அண்ணம் குறுகலாகவே இருந்தால் அதுவும் அரைக்கிணறுதான். அண்ணம் குறுகலாக இல்லாத பிள்ளைக்கு 'பிற்காலத்தில் மூச்சுத் தடை வராமல் இருக்க' என்று மட்டும் இதைப் போடக் கூடாது என்று அமெரிக்கப் பல் சீரமைப்பு மருத்துவர்கள் சங்கமே 2019-ல் எழுதியிருக்கிறது. வாயால் மூச்சுவிட்டால் முகம் நீண்டுவிடுமே என்ற பயத்துக்கும் ஒரு வார்த்தை. எகில் ஹார்வோல்ட் என்ற பல் சீரமைப்பு ஆராய்ச்சியாளர் குட்டிக் குரங்குகளின் மூக்கை அடைத்துப் பார்த்தார். தாடையும் பல் வரிசையும் மாறின. ஆனால் ஒவ்வொரு குரங்குக்கும் ஒவ்வொரு மாதிரி மாறின. எல்லாப் பிள்ளைக்கும் ஒரே முகம் வந்துவிடாது.

மூக்கு திறந்த பிறகும் வாய் மூடாது, பழக்கம் அப்படி. இங்கே நாக்கு, உதட்டுப் பயிற்சி உதவும். 'ன்' என்று சொல்லி நிறுத்துங்கள், நாக்கு நுனி தொடும் இடம்தான் அதன் வீடு. வாய் மூடியிருக்கும்போது நாக்கு அங்கே ஒட்டியிருக்க வேண்டும். குழந்தைகளின் மூச்சுத் தடை இதனால் பாதிக்கு மேல் குறைந்ததாக, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பாய்வு 2015-ல் வந்தது, ஆனால் அதில் இருந்த குழந்தைகள் மிகச் சிலர். மூக்கு அடைத்திருக்கும்போதே பயிற்சியைத் தொடங்குவது பிள்ளையைத் தண்டிப்பது போல. வாயில் டேப் ஒட்டுவதைப் பிள்ளைகளுக்குச் செய்யவே செய்யாதீர்கள்.

உண்மையான போட்டி இந்தச் சிகிச்சைகளுக்கு நடுவில் இல்லை. வாசல் வாசலாக ஏறுவதா, எல்லோரும் சேர்ந்து பார்ப்பதா என்பதில் இருக்கிறது. பிரேசிலில் பெலோ ஒரிசோண்டே நகரத்தின் மத்தியப் பல்கலைக்கழக மருத்துவமனையில் வாய்மூச்சுப் பிள்ளைகளுக்கென்றே தனிப் பிரிவு உண்டு. அலர்ஜி, காது மூக்கு தொண்டை, பல் சீரமைப்பு, பேச்சுப் பயிற்சி ஆகிய துறைகள் ஒரே பிள்ளையைச் சேர்ந்து பார்க்கின்றன. வாசல் வாசலாகப் போவதில் ஒரு வசதி, யாரிடம் போவது, எப்போது போவது என்பது நம் விருப்பம். ஆனால் எந்த டாக்டரிடம் முதலில் போனோமோ அவருடைய சிகிச்சைதான் முதல் சிகிச்சை ஆகிவிடுகிறது. பிள்ளையின் தேவை அதைத் தீர்மானிப்பதில்லை.

எங்கள் ஊரில் அப்படி ஒரு பிரிவு இல்லை. குழந்தைகள் நல டாக்டரையே நடுவில் வைத்தோம். ஒரு நாற்பது பக்க நோட்டில் ஒவ்வொரு டாக்டரையும் ஒரு பக்கம் எழுதச் சொன்னோம். முதலில் தயங்கியவர்களும் எழுதினார்கள். பல் டாக்டரும் காது மூக்கு தொண்டை டாக்டரும் பத்து நிமிஷம் போனில் பேசினார்கள், "அடினாய்டு எவ்வளவு அடைக்குது?" என்று கேட்பதற்காக. அந்த ஒரு பேச்சில் எங்கள் வரிசை முடிவானது. ஆறு வாரம் உப்பு நீரும் ஸ்ப்ரேயும். குறட்டை குறைந்தது, ஆனால் அவன் காதில் கட்டியிருந்த நீர் வற்றவில்லை. எனவே அடினாய்டு மட்டும் எடுத்தார்கள். டான்சில் சின்னதாக இருந்ததால் விட்டுவிட்டார்கள்.

இப்போது மூன்று மாதம் ஆகிறது. மூக்குக்குக் கீழே சின்னக் கண்ணாடி பிடித்தால் முன்பெல்லாம் வலது பக்கம் மட்டும் லேசாக மங்கும். நேற்று ராத்திரி இரண்டு பக்கமும் ஒரே அளவில் ஆவி படிந்தது. டிவி பார்க்கும்போது வாய் இன்னும் திறந்துகொள்கிறது, பேச்சுப் பயிற்சியாளர் தினமும் இரண்டு வேளை 'ன்' சொல்ல வைக்கிறார். அண்ணம் விரிக்கும் கருவி அடுத்த மாதம்.