எஸ் அண்ட் ஓபி (விற்பனையையும் உற்பத்தியையும் ஒண்ணா வெச்சுத் திட்டம் போடறது) கன்சல்டிங் எடுத்தோம், எங்க அனுபவம் இதுதான்

கேரளா பார்டர்ல கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு தேங்காய் எண்ணெய் மில்லுங்க, சரக்குல பாதிக்கு மேல பாலக்காடு, திருச்சூர்தான் போகும். ஆடி கழிஞ்சு ஓணம் நெருங்குனா சேல்ஸ் பசங்க கேட்ட ஆர்டரை எல்லாம் ஒத்துக்குவாங்க, இங்க கொப்பரையும் பத்தாது பாட்டிலும் பத்தாது, வருஷா வருஷம் அண்ணனுக்கும் எனக்கும் சண்டைதான்.

கோயம்புத்தூர்ல இருந்து ஒரு கன்சல்டன்ட் வந்தாரு. முதல் நாளே "முதலாளி மீட்டிங்ல உக்காரலைன்னா இது வேண்டாம்"னு சொல்லிட்டாரு, எனக்கு அந்த வார்த்தை ரொம்ப புடிச்சுது. மாசாமாசம் ஒரு சுத்து: புதுசா என்ன பேக், எதை நிறுத்தறது, அப்புறம் டிமாண்ட், அப்புறம் சப்ளை, ரெண்டையும் ரூபாய் கணக்குல ஒட்டிப் பாக்கறது, கடைசியா அப்பா தலைமையில முடிவு. அடுத்த வாரத்தை இல்லைங்க, 18ல இருந்து 24 மாசம் வரைக்கும் தள்ளிப் பாக்கணும். 1980கள்லயே வந்த முறையாம், எங்களுக்கு இப்பத்தான் தெரியுது.

அப்படிப் பாத்தப்பதான் புரிஞ்சுது, ஓடாத சின்ன பாட்டிலுக்கு மெஷினை ஓட்டிட்டு கேரளாக்காரங்க கேக்கற அரை லிட்டர் பாக்கெட்டை விட்டுட்டு இருந்திருக்கோம். மாத்தினோம், கொப்பரையும் முன்னாடியே புடிச்சு வெச்சோம், போன ஓணத்துக்கு ஒரு கடைக்கும் இல்லைன்னு சொல்லலை, வருமானம் நல்லாவே ஏறுச்சு.

குறைன்னா ஃபீஸ் கொஞ்சம் ஜாஸ்தி, ஷீட் எல்லாம் இங்கிலீஷ், எங்க சூப்பர்வைசர் அண்ணன் பாவம் திணறிட்டாரு, நாங்களே தமிழ்ல மாத்தி எழுதிக்கிட்டோம். அஞ்சுக்கு நாலு ஸ்டார் தாராளமா குடுப்பேன்.