பூசானை ஒன்றாம் லைனில் சுற்றுங்கள்

ஆராய்ச்சி வேலைக்காகத் தென் கொரியாவின் பூசானில் தங்கிச் சில வருடங்கள் ஆகின்றன. ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் கேட்பது ஹேஉண்டே கடற்கரையைத்தான். அழகான இடம், மறுக்கவில்லை. ஆனால் இந்தத் துறைமுக நகரம் என்னென்ன பட்டது என்று தெரிய வேண்டுமானால், சப்வே ரயிலின் ஆரஞ்சு நிற ஒன்றாம் லைனில் ஏறிப் பழைய நகரத்தில் இறங்கி நடக்க வேண்டும்.

கொரியப் போரின்போது, 1950 முதல் 1953 வரை, பெரும்பாலான காலம் பூசான்தான் தற்காலிகத் தலைநகர். அகதிகள் லட்சக்கணக்கில் வந்து குவிந்தார்கள். சமநிலம் போதவில்லை, மலைச் சரிவில் ஏறிக் குடிசை போட்டார்கள். இன்று பூசான் ஸ்டேஷனிலிருந்து சோர்யாங் பக்கம் நடந்தால் 168 படிகள் செங்குத்தாக நிற்கின்றன. கீழேயிருந்து தண்ணீர் சுமந்து போன வழி இது. பாதியில் நின்று திரும்பிப் பார்த்தால் துறைமுகம் முழுக்கத் தெரியும். முழங்கால் வலி உள்ளவர்கள் மேலே பஸ்ஸில் போய், இறங்கும்போது மட்டும் நடக்கலாம்.

என்னை மிகவும் பாதித்த இடம் அமி-டோங். தோசோங் ஸ்டேஷனிலிருந்து மேட்டில் ஏற வேண்டும். அங்கே முன்பு ஜப்பானியர்களின் கல்லறைத் தோட்டம் இருந்தது. அகதிகளுக்கு வேறு இடமில்லாமல் அதன் மேலேயே வீடு கட்டினார்கள். கல்லறைக் கற்களே அஸ்திவாரமாகவும் படியாகவும் ஆயின. சில சுவர்களில் அந்தக் கற்கள் இன்றும் தெரிகின்றன. வண்ணமயமான கம்சோன் கிராமத்துக்குப் போகிற கூட்டம் பக்கத்திலிருக்கும் இந்தத் தெருவைத் தாண்டிப் போய்விடுகிறது. இரண்டையும் பாருங்கள். ஆனால் அமி-டோங்கில் இன்னும் மக்கள் குடியிருக்கிறார்கள். குரலைத் தாழ்த்திப் பேசுங்கள், ஜன்னலுக்கு நேராகப் படமெடுக்காதீர்கள்.

வரலாறு ஸ்டேஷனுக்குள்ளேயே இருக்கும் இடமும் உண்டு. தோங்னேயில் நான்காம் லைனுக்கு மாறி அடுத்த ஸ்டேஷன் சுஆன். இந்த லைனுக்காகத் தோண்டியபோது 2005இல் பழைய தோங்னே கோட்டையின் அகழி வெளிப்பட்டது. 1592 ஜப்பானியப் படையெடுப்பில் இறந்தவர்களின் எலும்புகளும் ஆயுதங்களும் அதில் கிடந்தன. ‘வழி விடு’ என்று கேட்ட படைக்கு, சண்டையிட்டுச் சாவது எளிது, வழி விடுவதுதான் கடினம் என்று பதில் சொன்னவர் கோட்டைத் தலைவர் சோங் சாங்-ஹியோன். அந்தக் கதையைச் சொல்லும் சிறிய அருங்காட்சியகம் ஸ்டேஷனிலேயே இருக்கிறது. திங்கட்கிழமை போக வேண்டாம். இங்கே பல அருங்காட்சியகங்களுக்கு அன்றுதான் விடுமுறை.

பூங்காக்களில் எனக்குப் பிடித்தது ஐ.நா. நினைவுக் கல்லறை, கொரியப் போரில் ஐ.நா. தரப்பில் போரிட்ட வீரர்கள் அடக்கமான இடம். இரண்டாம் லைனில் தேயோன் ஸ்டேஷனில் இறங்கி நடக்க வேண்டும். கல்லறைகளை ஒட்டி ஒரு மெல்லிய நீரோடை ஓடுகிறது. அங்கே அடக்கம் செய்யப்பட்டவர்களில் மிக இளையவரான, 17 வயது ஆஸ்திரேலிய வீரர் டான்ட்டின் பெயர்தான் அதற்கு. நினைவுச் சுவரில் அந்தப் போரில் இறந்த, காணாமல்போன ஐ.நா. வீரர்களின் 40,896 பெயர்கள். குழந்தைகளோடு போகிறவர்களுக்கு புஜோன் ஸ்டேஷன் பக்கத்திலுள்ள மக்கள் பூங்கா வசதி. முன்பு குதிரைப் பந்தய மைதானம், பிறகு அமெரிக்க ராணுவ முகாம். 2014இல்தான் மக்களுக்குத் திறந்தார்கள்.

சப்வே பற்றிக் குறையாகச் சொல்ல அதிகமில்லை. 10 கிலோமீட்டர் வரை ஒரு கட்டணம், தாண்டினால் இன்னொன்று. ஹனாரோ அல்லது டி-மனி என்ற பயணக் கார்டு போதும். பஸ்ஸில் இறங்கும்போதும் கார்டைத் தட்டுங்கள். 30 நிமிடத்துக்குள் சப்வேக்கு மாறினால் சலுகை உண்டு. நடைவழிக்கு கூகுள் மேப்பை நம்ப வேண்டாம், கொரிய ஆப்பான நேவர் மேப் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதிலும் 300 மீட்டர் என்று காட்டுவது முழுக்க ஏற்றமாக இருக்கலாம். ஜூலை மழையில் படிகள் வழுக்கும். அக்டோபர்தான் நடக்க ஏற்ற மாதம்.

யோங்டோ தீவுக்கு மட்டும் சப்வே போகாது. நாம்போவில் இறங்கி, அகதிகள் தொலைந்த சொந்தங்களைத் தேடிக் காத்திருந்த யோங்டோ பாலத்தை நடந்தே கடக்கலாம். தீவிலுள்ள தேஜோங்தே பாறைகள் வரை போவதானால் நாம்போவிலேயே பஸ் பிடித்துவிடுங்கள்.